‘இன்றிரவு ஓர் அதிசயம் நடந்தால்..?’ - கவுன்சலிங் அறையில் உங்களிடம் என்ன கேட்பார்கள்?

கவுன்சலிங் போகலாம் என்று முடிவெடுப்பதற்கே நம் வீடுகளில் பல மாதங்கள் ஆகிவிடுகின்றன. ‘தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால்?’, ‘எவ்வளவு செலவாகும்?’, ‘சின்ன வயதில் நடந்ததையெல்லாம் கிளறுவார்களோ?’ என்று ஏகப்பட்ட தயக்கங்கள்.

அதையெல்லாம் தாண்டி, லீவு போட்டு, ஃபீஸ் கட்டி உள்ளே போய் உட்கார்ந்தால், எதிரில் இருப்பவர் அட்வைஸ் எதுவும் சொல்வதில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். அதுவும் ‘நாளைக்குக் காலையில் எல்லாம் சரியாகிவிட்டால், முதலில் எது உங்கள் கண்ணில் படும்?’ என்பது போன்ற கேள்விகள். ‘இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?’ என்று தோன்றும். அடுத்த முறை போகாமலே விட்டுவிடலாம் என்றும் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கேள்விகள்தான் சிகிச்சையே!

‘சொல்யூஷன் ஃபோகஸ்டு பிரீஃப் தெரபி’ என்று இதற்குப் பெயர். தமிழில், ‘தீர்வை மையமாகக்கொண்ட குறுகிய கால சிகிச்சை’ எனலாம். பிரச்னை எங்கே, எப்படி ஆரம்பித்தது என்று தோண்டுவதைவிட, அது தீர்ந்த பிறகு வாழ்க்கை எப்படி இருக்க வேண்டும், அதில் எவ்வளவு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது என்று தேடுவதுதான் இதன் வழி. உள்ளே என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால், பாதி பதற்றம் குறைந்துவிடும். ஏமாற்றமும் இருக்காது.

எங்கே பிறந்தது?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் மில்வாக்கி நகரம்தான் இதன் பிறந்த ஊர். ஸ்டீவ் டி ஷேஸர், கொரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இன்சூ கிம் பெர்க் என்ற தம்பதி, தங்கள் சகாக்களுடன் 1978-ல் அங்கே ஒரு குடும்ப சிகிச்சை மையத்தைத் தொடங்கினார்கள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் அறைக்குள் உட்கார்ந்து வந்தவரிடம் பேசுவார். மற்றவர்கள், ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அதைக் கவனிப்பார்கள் (வந்தவருக்கும் அது தெரியும்). எந்தக் கேள்வி கேட்டபோது வந்தவர் முகம் தெளிந்தது, எதைக் கேட்டபோது பேச்சு அப்படியே தேங்கிப்போனது என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். உதவிய கேள்விகளை வைத்துக்கொண்டார்கள், உதவாதவற்றை விட்டுவிட்டார்கள். அப்படி, 1980-களில் உருவான முறைதான் இது.

அவர்களின் அடிப்படை மிக எளிமையானது. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதில் கை வைக்காதே. எது பலன் தருகிறதோ, அதை இன்னும் கொஞ்சம் அதிகமாகச் செய். எது பலன் தரவில்லையோ, அதையே திரும்பத் திரும்பச் செய்யாமல் வேறு ஏதாவது செய்து பார்.

முதல் கேள்வியே வேறு!

புரிவதற்காக ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அம்மா. பிளஸ் ஒன் படிக்கும் மகனோடு தினமும் சண்டை. காரணம், மொபைல். அவர் தனியாகத்தான் கவுன்சலரைப் பார்க்க வருகிறார். மகன் வர மறுத்துவிட்டான்.

(இங்கே ஒரு விஷயம். கணவரோ, மாமியாரோ, பிள்ளையோ வர மறுத்தாலும் பரவாயில்லை. வீட்டில் ஒருவர் மட்டும் வந்தாலும் இந்தச் சிகிச்சையை ஆரம்பிக்கலாம். ஒருவர் நடந்துகொள்ளும் விதம் மாறும்போது, எதிரில் இருப்பவரின் பதிலும் மாற வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் கணக்கு.)

‘என்ன பிரச்னை?’ என்ற கேள்விக்குப் பதிலோடு தயாராக வந்திருப்பார் அந்த அம்மா. ஆனால், கவுன்சலர் கேட்பது இப்படி இருக்கும்.

“நாம இன்னிக்குப் பேசுறதால உங்களுக்கு என்ன நடந்தா, ‘வந்தது வீண் போகல’ன்னு நினைப்பீங்க?”

அதற்காக, உங்கள் கஷ்டத்தைக் காதில் வாங்கமாட்டார் என்று அர்த்தமில்லை. நீங்கள் சொல்வதைக் கேட்பார். அழுதால், அழ நேரம் கொடுப்பார். ஆனால், பேச்சை அங்கேயே நிறுத்திவைக்க மாட்டார். எங்கே போக வேண்டும் என்று தெரிந்தால்தானே பஸ் ஏற முடியும்?

அந்த அதிசயக் கேள்வி

இந்தச் சிகிச்சையின் அடையாளமே இந்தக் கேள்விதான். வாழ்க்கையில் நொந்துபோயிருந்த ஒரு பெண், ‘ஏதாவது அதிசயம் நடந்தால்தான் உண்டு’ என்று விரக்தியில் சொன்னதிலிருந்து இது பிறந்தது என்று இன்சூ கிம் பெர்க் சொல்லியிருக்கிறார். நிதானமாக, கதை சொல்வதுபோலக் கேட்பார்கள்.

“இன்னிக்கு இங்கிருந்து வீட்டுக்குப் போறீங்க. சமைக்கிறீங்க, சாப்பிடுறீங்க, பாத்திரம் கழுவி வெச்சுட்டுப் படுத்துடுறீங்க. எல்லாரும் தூங்கும்போது ஓர் அதிசயம் நடக்குது. உங்களை இங்க வரவெச்ச பிரச்னை தீர்ந்துடுது. நீங்க தூங்கிட்டு இருந்ததால, அது உங்களுக்குத் தெரியாது. காலையில எழுந்ததும், ‘ஏதோ மாறியிருக்கே’ன்னு எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பீங்க?”

“அவன் கையில போன் இருக்காது மேடம்.”

“போன் இல்லாம, அதுக்குப் பதிலா என்ன நடக்கும்?”

“ம்... பல் தேய்ச்சுட்டு நேரா கிச்சனுக்கு வருவான். ‘என்ன டிபன்மா?’ன்னு கேப்பான்.”

“அப்போ நீங்க என்ன பண்ணுவீங்க?”

“திரும்பி அவன் முகத்தைப் பார்த்து பதில் சொல்லுவேன். இப்பல்லாம் முகத்தைப் பார்க்காமத்தான் பேசிக்கிறோம்.”

“நீங்க மாறியிருக்கீங்கன்னு உங்க பையன் எதைவெச்சுக் கண்டுபிடிப்பார்?”

“காலையில என் வாயிலிருந்து வர்ற முதல் வார்த்தையே ‘போனை வைடா’ன்னு இருக்காதுல்ல... அதுலயே அவனுக்குத் தெரிஞ்சிடும்.”

கவனித்தீர்களா? ‘பையன் திருந்த வேண்டும்’ என்று வந்தவர், ‘காலையில் என் முதல் வார்த்தை வேறாக இருக்கும்’ என்ற இடத்துக்கு வந்துவிட்டார். யாரும் அவருக்கு அட்வைஸ் செய்யவில்லை. பையனைத் திருத்துவது அவர் கையில் இல்லை. ஆனால், காலையில் சொல்லும் முதல் வார்த்தை அவர் கையில்தான் இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு டக்கென்று பதில் வராது. ‘தெரியலை’ என்றுதான் பலருக்கும் முதலில் வரும். அதில் தவறில்லை. நல்ல கவுன்சலர் அவசரப்படுத்தாமல் காத்திருப்பார். ‘லாட்டரி விழும்’, ‘போனவர் திரும்பி வந்துவிடுவார்’ என்று நடக்க முடியாததைச் சொன்னாலும் சிரிக்கமாட்டார். அப்படி நடந்தால் உங்களுக்குள் என்ன மாறும் என்று மெதுவாக அடுத்த கேள்விக்குக் கூட்டிப்போவார்.

சண்டை வராத சாயங்காலம் எது?

எவ்வளவு பெரிய பிரச்னையும் 24 மணி நேரமும் ஒரே அளவில் இருப்பதில்லை. அது இல்லாத, அல்லது கொஞ்சம் குறைவாக இருந்த நேரங்களைத் தேடுவதுதான் அடுத்த கட்டம்.

“போன வாரத்துல சண்டையே இல்லாம ஒரு சாயங்காலமாவது போச்சா?”

“வியாழக்கிழமை கரன்ட் போச்சு. மொட்டை மாடியில உட்கார்ந்து கிரிக்கெட் பத்திப் பேசிட்டிருந்தான்.”

“அன்னிக்கு நீங்க என்ன வித்தியாசமா பண்ணீங்க?”

“நான் என்ன பண்ணேன்... ஒண்ணும் பண்ணல. அன்னிக்கு மார்க் பத்தி எதுவும் கேக்கல.”

‘ஒண்ணும் பண்ணல’ என்று நாம் தள்ளிவிடுவதைத்தான் கவுன்சலர் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். கரன்ட் போனது தற்செயல். மார்க் பற்றிக் கேட்காமல் பையனின் பேச்சுக்குக் காது கொடுத்தது தற்செயல் இல்லையே. கரன்ட் இருக்கும் நாளிலும் அதைச் செய்து பார்க்கலாம் இல்லையா?

பத்துக்கு எத்தனை மார்க்?

அதிசயம் நடந்த காலை 10. நிலைமை மிக மோசமாக இருந்த நாள் 0. இன்று எத்தனையில் இருக்கிறீர்கள்? இதுவும் கட்டாயம் வரக்கூடிய கேள்வி.

அந்த அம்மா ‘மூணு’ என்கிறார். ‘ஏன் மூணுதான்?’ என்று கேட்டால், குறைகள்தான் வரிசையாக வரும். கவுன்சலர் அதைத் திருப்பிக் கேட்பார்: “மூணு எப்படி வந்துச்சு? ஏன் ஒண்ணு இல்ல?”

“சாப்பிடக் கூப்பிட்டா இன்னும் வர்றான் மேடம். ரூமைப் பூட்டிக்கிட்டு இருக்கிறதில்ல.”

அடுத்த கேள்வி, “நாலு ஆயிடுச்சுன்னு எதைவெச்சு சொல்லுவீங்க?”

10-க்குப் போவது எப்படி என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். 3-லிருந்து 4-க்குப் போவது ஓர் எட்டுதான். இங்கே மார்க்குக்குப் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. அடுத்தவர் மார்க்கோடு ஒப்பிடுவதும் இல்லை. போன வாரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள், இந்த வாரம் எங்கே இருக்கிறீர்கள் என்பதற்கான அளவுகோல், அவ்வளவுதான்.

கிளம்பும் முன்...

ஓர் அமர்வு பெரும்பாலும் 45 நிமிடங்களிலிருந்து 1 மணி நேரம் வரை நடக்கும். முடியப்போகும் நேரத்தில், ‘சில நிமிஷம் யோசிச்சுட்டு வர்றேன்’ என்று கவுன்சலர் எழுந்துபோனால் பதறாதீர்கள். மில்வாக்கி காலத்திலிருந்தே இருக்கும் வழக்கம் அது. எல்லோரும் இப்போது அதைக் கடைப்பிடிப்பதில்லை.

திரும்பி வந்ததும், நீங்கள் பேசியதிலிருந்தே உங்கள் பலங்களைச் சொல்வார். ‘பையன் வர மறுத்தும், நீங்க மட்டுமாவது வந்தீங்க’ என்பதுபோல. இது சும்மா ஐஸ் வைப்பது இல்லை. நீங்கள் சொன்ன, நிஜமாக நடந்த ஒன்றைத்தான் சுட்டிக்காட்டுவார்.

பிறகு, ஒரு சின்ன வேலை கொடுப்பார். பல நேரங்களில் அது ‘செய்யும்’ வேலையாகக்கூட இருக்காது. ‘கவனிக்கும்’ வேலையாக இருக்கும். ‘அடுத்த முறை வர்றதுக்குள்ள, உங்க வீட்டுல இப்படியே தொடரட்டும்னு நீங்க நினைக்கிற விஷயம் எதெல்லாம் நடக்குதுன்னு பார்த்து வைங்க’ என்பார். குறையையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உண்மையிலேயே கஷ்டமான ஹோம் ஒர்க். சின்ன நோட்டிலோ மொபைலிலோ குறித்து வைத்தால், அடுத்த முறை பேச வசதியாக இருக்கும்.

‘எதுவுமே மாறலை’ என்றால்?

இரண்டாவது அமர்வு, ‘போன தடவை பார்த்ததுக்கு இப்போ எது கொஞ்சம் பரவாயில்ல?’ என்றுதான் தொடங்கும். ஏதாவது ஒன்று மாறியிருந்தால், அது எப்படி நடந்தது, யார் கவனித்தார்கள், மறுபடி நடக்க என்ன செய்யலாம் என்று விரிவாகப் பேசுவார்கள்.

‘ஒண்ணும் மாறலை, இன்னும் மோசம்’ என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. கவுன்சலருக்காகப் பொய் சொல்லத் தேவையில்லை. அப்போது கேள்வி மாறும். ‘இவ்வளவு கஷ்டத்துலயும் தினம் எழுந்து வேலையைப் பார்க்குறீங்களே, எப்படிச் சமாளிக்கிறீங்க?’ என்று கேட்பார். கொடுத்த யோசனை ஒத்துவரவில்லை என்றால், அதைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வழி தேடுவார்.

எத்தனை முறை போக வேண்டும்?

பெரும்பாலானவர்களுக்கு 3 முதல் 8 அமர்வுகளுக்குள் முடிந்துவிடும். சிலருக்கு ஒன்றிரண்டே போதும். ஆரம்பத்தில் வாரம் ஒருமுறை, பிறகு இரண்டு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளி கூடும். போதும் என்று முடிவு செய்வதில் உங்கள் வார்த்தைக்குத்தான் முதலிடம். 10 வந்தால்தான் நிறுத்த வேண்டும் என்று இல்லை. ‘ஏழு வந்தாச்சு, இனி நானே பார்த்துக்குவேன்’ என்று தோன்றினால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

‘நாலு தடவை பேசினால் சரியாகிவிடுமா?’ என்ற சந்தேகம் நியாயமானது. 2013-ல் வாலஸ் ஜிங்கரிச், லான்ஸ் பீட்டர்சன் என்ற இரு ஆய்வாளர்கள், இந்தச் சிகிச்சை பற்றி அதுவரை வந்திருந்த 43 ஒப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 32 ஆய்வுகளில் தெளிவான பலன் தெரிந்தது. 10 ஆய்வுகளில் முன்னேற்றத்துக்கான அறிகுறி மட்டும் தெரிந்தது. பெரியவர்களின் மனச்சோர்வு விஷயத்தில், ஏற்கெனவே நிலைபெற்ற மற்ற சிகிச்சைகளுக்கு ஈடாக இருந்தது. அமர்வுகளின் எண்ணிக்கையை ஒப்பிட்ட 3 ஆய்வுகளிலும், மற்ற முறைகளைவிடக் குறைவான அமர்வுகளே தேவைப்பட்டன. அதே நேரம், இந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே தரத்தில் நடந்தவை அல்ல. ஆகவே, பலன் உண்டு; ஆனால், மந்திரம் இல்லை.

இவற்றை எதிர்பார்த்துப் போகாதீர்கள்

* ‘உங்க வீட்டுக்காரர் மேலதான் தப்பு’ என்று தீர்ப்பு கிடைக்காது.

* ‘டைவர்ஸ் பண்ணுங்க’, ‘வேலையை விடுங்க’ என்று உங்கள் சார்பில் முடிவெடுக்கமாட்டார்கள்.

* சிறுவயதுச் சம்பவங்களைக் கட்டாயப்படுத்திக் கேட்கமாட்டார்கள். நீங்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

* மாத்திரை கிடையாது. மாத்திரை எழுதித்தருவது மனநல மருத்துவரின் வேலை. ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

எல்லோருக்கும் பொருந்துமா?

கணவன் - மனைவி உரசல், பிள்ளைகளோடு மோதல், தேர்வு பயம், ஆபீஸ் டென்ஷன், ‘எந்த முடிவும் எடுக்க முடியாமல் தேங்கி நிற்கிறேன்’ என்ற நிலை... இவற்றுக்கு இந்த முறை கைகொடுக்கும். எல்லாவற்றுக்கும் இது மட்டுமே போதாது.

தற்கொலை எண்ணம் இருந்தால், இல்லாத குரல்கள் கேட்டால், பல நாள்களாகத் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் படுத்த படுக்கையாக இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது மனநல மருத்துவரை. குடியைத் திடீரென்று நிறுத்தும்போது கை நடுக்கம், வலிப்பு வரலாம். அதற்கு மருத்துவமனைதான் சரியான இடம்.

வீட்டில் அடி, உதை இருந்தால், ‘நான் என்ன மாற்றிக்கொள்ள வேண்டும்?’ என்பது தவறான கேள்வி. அடிப்பவர் செய்வதற்கு அடி வாங்குபவர் பொறுப்பில்லை. அங்கே முதலில் தேவை பாதுகாப்பு. பெண்கள் 181, குழந்தைகள் 1098 உதவி எண்களை அழைக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. நெருங்கியவரை அண்மையில் இழந்தவருக்கு, தீர்வைவிட, பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒரு காதுதான் தேவைப்படலாம். ‘இப்போ எனக்கு இந்தக் கேள்விகள் வேண்டாம், கொஞ்சம் பேச விடுங்க’ என்று தயங்காமல் சொல்லுங்கள். அதை மதிக்கத் தெரிந்தவர்தான் நல்ல கவுன்சலர். பழைய காயங்களைப் பேசித்தான் தீர வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், அதற்கென்றே வேறு சிகிச்சை முறைகளும் இருக்கின்றன.

அப்பாயின்ட்மென்ட் வாங்கும் முன் கேளுங்கள்

1. உங்கள் படிப்பு என்ன? இந்தச் சிகிச்சையில் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா? (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறே இல்லை.)

2. ஓர் அமர்வுக்கு எவ்வளவு கட்டணம்? தோராயமாக எத்தனை அமர்வுகள் ஆகும்?

3. நான் சொல்வது ரகசியமாக இருக்குமா? (மனநல சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை, 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தருகிறது. உங்கள் உயிருக்கோ, அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து என்பது போன்ற சில சூழல்கள் மட்டும் விதிவிலக்கு.)

4. இந்த முறை எனக்கு ஒத்துவரவில்லை என்றால், வேறு யாரிடம் அனுப்புவீர்கள்?

இந்த நான்குக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் தைரியமாகப் போகலாம்.

பணம் கட்டிப் பார்க்க வசதியில்லை என்றால், மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். வெளியே போகவே தயக்கமாக இருந்தால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையின் 14416 எண்ணுக்கு 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம். இங்கெல்லாம் இதே முறையில்தான் பேசுவார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால், உங்களுக்கு எந்த மாதிரியான உதவி தேவை என்பதைப் புரிந்துகொள்ள அது நல்ல தொடக்கம்.

அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டீர்களா? அதற்கு இடைப்பட்ட நாள்களில் ஒரே ஒரு வேலை. வீட்டில் பரவாயில்லாமல் போன ஒரு மணி நேரம் என்றைக்காவது வந்தால், அன்று யார் என்ன செய்தார்கள் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். கவுன்சலர் நிச்சயம் அதைக் கேட்பார்.